திருத்தத்தின் வரலாற்றைக் காத்தல்

ஏடெழுதுவோர் ஓரெழுத்தை மாற்றி எழுதிவிடின், அம்மாற்றம் படிதோறும் தொடர்ந்து பாடபேதமாய் நிலைபெறும். உ. வே. சாமிநாதையரவர்கள் 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தகாலை, பல பிரதிகளை ஒப்புநோக்கியே பாடம் கண்டார்கள். இவ்வுழைப்பு ஏட்டுக்கு மட்டும் உரியதன்று, கணினிக்கும் உரியது என்பதை யாம் கோவிற்பட்டியிலே கற்றோம்.

சென்ற விடுமுறையில் யாம் நால்வர் அந்நகரைச் சூழ்ந்த கரிசற் சிற்றூர்களுக்குச் சென்று உழவுச் சொற்களைத் தொகுத்தோம். இடைசெவலிற் பிறந்து, 1982இல் வட்டாரச் சொற்களுக்கு அகராதி கண்ட கி. ராஜநாராயணனே எமக்கு முன்னோடி. ஒரே பட்டியலை நால்வரும் தத்தம் கணினியிற் திருத்தினோம். 'இறுதி' என்றும், 'மெய்யான இறுதி' என்றும் கோப்புகள் பெருகின. எம்முள் ஒருவர் பேச்சுவடிவங்களைக் கொச்சையெனக் கருதி இலக்கண வடிவாக்கிவிட்டார். முன்வடிவோ எக்கோப்பிலும் இல்லை. ஒரு சொல்லை மீண்டும் கேட்கச் சென்றபோது, அதனைச் சொன்ன முதியவர் காலஞ்சென்றிருந்தார்.

இக்கேட்டைத் தடுப்பதே பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். பெல் ஆய்வகத்தில் 1972இல் மார்க் ராக்கைண்ட் இத்தகைய கருவியொன்றை ஆக்கினார். 2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸ் வேலையின் பொருட்டுக் 'கிட்' என்பதை ஆக்கினார். அவ்வாண்டு ஜூலையிலேயே அதனைப் பேணும் பொறுப்பு ஜூனியோ ஹமானோவிடம் சேர்ந்தது. ஆக்கும் வேலை சில திங்களில் தொடங்கி நடந்தது. பேணும் வேலையோ பல்லாண்டு நீண்டது.

இக்கருவி திருத்தினார் யார், எப்பொழுது, எக்காரணத்தால் என்னும் மூன்றையும் பதிந்து வைக்கும். பழைய நிலையை அழிப்பதில்லை. உள்ளடக்கத்தினின்றும் ஓர் அடையாள எண்ணைக் கணிக்கும்; ஓரெழுத்து மாறினும் அவ்வெண் மாறும். ஒரே வரியை இருவர் வேறுவேறாகத் திருத்தின், தானே தீர்ப்புச் சொல்லாது இருபாடத்தையும் நம்முன் வைக்கும். தேர்தல் நம் கடன்.

இனிப் பொதியாக்கும் கட்டளைநிரல். ஆக்கிய பொருளைப் பிறர் கணினியில் நிறுவுதற்கேற்பக் கட்டித் தருவது இது. 1993இல் தோன்றிய டெபியனில், ஒவ்வொரு பொதியும் தனக்கு வேண்டிய துணைப்பொதிகளின் பெயர்களையும், தான் அடைந்த மாற்றங்களின் குறிப்பையும் உடன்கொண்டே செல்லும். எமது பட்டியலையும் இவ்வாறு கட்டினோம். சொற்கள் பிழையற்றிருந்தும் வரிசை பிழைத்தது. 'பனை' முன்னும் 'பயிர்', 'பருத்தி' பின்னும் நின்றன. யூனிக்கோடு அட்டவணையில் னகரம் நகரத்தை அடுத்து நிற்றலின், எண்வரிசையை நம்பிய நிரல் னகரத்தை யகரத்திற்கு முன் வைத்தது. தமிழ் நெடுங்கணக்கிலோ னகரம் மெய்களின் ஈற்றிலன்றோ உளது? நெடுங்கணக்கு வரிசையை நிரலில் எழுதிச் சேர்த்தோம், காரணத்தையும் பதிந்தோம். அந்நிரலையும் பட்டியலோடு ஒரே களஞ்சியத்தில் வைத்தோம். ஏனெனில் நிரலும் திருத்தம் பெறும், அதற்கும் வரலாறு வேண்டும். எழுத்துருவோ கணினியோ மாறுந்தோறும் அதனை மீண்டும் இயக்கிச் சோதித்தல் பேணுவோர் கடமை.

கரிசலுழவர் விளைச்சல் முழுவதையும் விற்றுவிடார். அடுத்த மழைக்கென விதையைத் தனியே வைப்பர். திருத்துமுன் மூலத்தைக் காப்பதும் அத்தகையதே. அம்முதியவர் சொன்ன சொல்லுக்குரிய இடத்தில், 'பேச்சுவடிவம் எம் கவனக்குறைவால் இழக்கப்பட்டது' எனக் குறித்துள்ளோம். இனி வரும் மாணவ நண்பர்கள் அத்தகைய குறிப்பொன்றை எழுத நேராதிருப்பதாக.