தையல் பிரிக்க என்ன அவசரம்?

சைக்கிளிலிருந்து விழுந்து முழங்காலை ஆழமாகக் கிழித்துக்கொண்டு வந்த பையனுக்கு ஆறு தையல் போட்டு, "பதினாலாம் நாள் கூட்டிட்டு வாங்க" என்று அனுப்பியிருந்தேன். எட்டாம் நாளே அப்பாவும் பிள்ளையும் வந்து நின்றார்கள். காயம் வாய் பிளந்திருந்தது.

"நல்லா ஒட்டிடுச்சு டாக்டர். இதுக்குப் போய் உங்களை எதுக்குத் தொந்தரவு பண்ணணும்னு புது பிளேடு வாங்கி நானே பிரிச்சுட்டேன். காலைல மாடிப்படி ஏறினான்... இப்படி ஆயிடுச்சு!"

புது பிளேடு வாங்கியதில் அவருக்குக் கொஞ்சம் பெருமைகூட.

அவர் கண்ணுக்குத் தெரிந்தது மேல்தோல். அது இரண்டு நாளிலேயே மூடிக்கொண்டுவிடும். உள்ளே கதை வேறு. ஒரு வாரமான காயத்துக்குப் பழைய தோலின் வலுவில் பத்தில் ஒரு பங்குதான் தேறும். மூன்று மாதம் ஆனால்தான் 80 சதவீதம் வரும். முழு வலு திரும்புவதே இல்லை. ஆரம்ப நாட்களில் காயத்தைப் பிடித்து வைத்திருப்பது தையல் நூல்தான்.

அப்படியானால் மூன்று மாதம் நூலை அப்படியே விட்டுவிடலாமே என்கிறீர்களா? கூடாது. நூல் தோலில் அதிக நாள் தங்கினால் ஊசி குத்திய ஒவ்வொரு இடத்திலும் வடு விழும். பிறகு பார்த்தால் பூரான் ஒட்டிக்கொண்ட மாதிரி நடுவில் கோடு, இருபுறமும் கால்கள்! அதனால்தான் இடத்துக்கு இடம் கணக்கு மாறுகிறது. முகத்தில் ரத்த ஓட்டம் அதிகம். 3 முதல் 5 நாளில் பிரித்துவிடலாம். தலை, வயிறு என்றால் 7 முதல் 10 நாள். கை, கால், முதுகு என்றால் 10 முதல் 14 நாள். மடக்கி நீட்டும் முழங்கால் போன்ற இடத்தில் பதினாலு நாள் பொறுக்கத்தான் வேண்டும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் இன்னும் சில நாள் கூடலாம்.

இதெல்லாம் பிரிக்க வேண்டிய நூலுக்கு. நைலான், பாலிப்ரொப்பிலீன், பட்டு நூல் ஆகியவை தானாகக் கரைந்து போகாதவை. தோலுக்கு மேலே பெரும்பாலும் இவைதான்.

கரையும் நூல்களில் பழையது கேட்கட். பெயரில் 'கேட்' இருந்தாலும் பூனைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆடு, மாடுகளின் குடலிலிருந்து எடுப்பது. (சுத்த சைவமான ஒரு பாட்டியிடம் இதைச் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு!) இப்போது பாலிகிளாக்டின் போன்ற செயற்கை நூல்களே அதிகம். உடம்பின் ஈரமே அதைச் சிறிது சிறிதாக உடைத்துவிடும். மூன்றாவது வாரம் பாதி வலு போய்விடும். சுமார் இரண்டரை மாதத்தில் நூலே இருக்காது.

பிரசவத்தின்போது போடும் தையல் பெரும்பாலும் இந்தக் கரையும் ரகம். பத்துப் பதினைந்து நாளில் நூல் துணுக்கு விழுவதைப் பார்த்து, "தையல் விட்டுப் போச்சு" என்று பதறி ஓடிவரும் பெண்கள் நிறைய. காயம் விரியாமல், வலி கூடாமல், துர்நாற்றம் இல்லாமல் இருந்தால் பயமே வேண்டாம். அது கரைகிற லட்சணம்தான்.

ஊசியிலும் ரகங்கள் உண்டு. வீட்டு ஊசி மாதிரி நேராக இல்லாமல் பெரும்பாலும் பிறைபோல வளைந்திருக்கும். குறுகலான இடத்தில் மணிக்கட்டைத் திருப்பினாலே முனை மறுபக்கம் எட்டிப் பார்க்க வேண்டுமே! குடலுக்கு உருண்டை ஊசி. அது சதையை வெட்டாமல் விலக்கிக்கொண்டு போகும். துளை நூலைச் சுற்றி இறுகிக்கொள்ளும், கசியாது. தோல் கெட்டி, அதற்கு முக்கோண விளிம்புள்ள வெட்டும் ஊசி. சதைப்பற்றுள்ள இடத்துக்கு முக்கோண ஊசி, வயிற்றுக்கு வில்போல வளைந்த ஊசி என்று சுஸ்ருத சம்ஹிதையே பிரித்துச் சொல்லியிருக்கிறது. மிருதுவான கல்லீரலுக்கு மொட்டை முனை ஊசி. கண்ணுக்கு வேண்டிய நூலோ தலைமுடியைவிட மெல்லியது.

இன்றைய ஊசிகளில் பெரும்பாலும் காதே கிடையாது. நூலை ஊசியின் பின்புறத்திலேயே பொருத்தி, கிருமி நீக்கிய உறையில் வைத்துத் தருகிறார்கள். காதுள்ள ஊசியில் நூல் இரட்டையாகப் போவதால் துளை பெரிதாகும். இதில் அந்தத் தொல்லை இல்லை.

பையன் விஷயத்துக்கு வருவோம். திறந்த காயத்தில் லேசாகச் சீழ் இருந்ததால் மறுபடி தைக்க முடியவில்லை. பிளேடு புதிதாக இருந்து என்ன? தோலுக்கு வெளியே இருக்கும் நூலில் அழுக்கும் கிருமியும் படிந்திருக்கும். முடிச்சைத் தூக்கி, தோலை ஒட்டி வெட்டினால்தான் அந்தப் பகுதி காயத்துக்குள் நுழையாமல் நூல் வெளியே வரும். அப்பா நடுவில் வெட்டி இழுத்திருக்கிறார். தினமும் கட்டு மாற்றி, அடியிலிருந்து சதை வளர்ந்து மூட ஐந்து வாரம் ஆனது.

உங்கள் வீட்டில் யாருக்காவது தையல் போட்டால், கிளம்புமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: "இது கரையுமா, பிரிக்கணுமா? பிரிக்கணும்னா எந்தத் தேதி?" பதிலைச் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இடையில் சிவப்பு பரவினாலோ, வலி குறையாமல் ஏறினாலோ, சீழோ காய்ச்சலோ வந்தாலோ அந்தத் தேதிவரை காத்திருக்காமல் உடனே காட்டுங்கள். நூல் முனை நீட்டிக்கொண்டு சட்டையில் உரசினால் பிடித்து இழுக்காதீர்கள். மேலே ஒரு சின்ன துணிக்கட்டு போட்டுக்கொண்டால் போதும்.