சிறகுகள் திரும்பிய தீவு

மனிதர் குடியேறியபோது நியூசிலாந்தில் வௌவாலன்றி நிலவாழ் பாலூட்டி எதுவும் இருக்கவில்லை. வேட்டை விலங்கின் அச்சமறியாத அந்நாட்டுப் பறவைகள் பல, பறக்கும் ஆற்றலை இழந்தன, தரையிலேயே கூடமைத்தன. பின்னாளில் கப்பல்களில் வந்திறங்கிய எலியும் பூனையும் அவற்றுக்குக் கூற்றாயின. எஞ்சியவற்றுள் பலவற்றைக் காண வேண்டுமாயின் இன்று பெரும்பாலும் தீவுகளையே நாட வேண்டும்.

நெடும்பயணத்தின் இடையே, ஊர் பார்க்கும் விரைவு சலித்திருந்த ஒரு நாளில், ஆக்லாந்துத் துறைமுகத்திலிருந்து திரிதிரி மாதாங்கித் தீவுக்குப் படகேறினோம். ஏறத்தாழ 75 நிமிடப் பயணம். காலணியின் அடிப்பகுதியைத் துலக்கிய பின்னரே செல்ல இசைவு உண்டு. பைக்குள் எலியோ எறும்போ விதையோ இருத்தலாகாது. சினையுற்ற எலி ஒன்று கரையேறினால் போதும், பல்லாண்டு உழைப்பு பாழாகிவிடும்.

அவ்வுழைப்பு சிறிதன்று. 220 ஹெக்டேர் பரப்புள்ள அத்தீவு, நூறாண்டுகளுக்கும் மேலாக மேய்ச்சலுக்கெனப் பெரும்பாலும் மரமின்றி மொட்டையடிக்கப்பட்டிருந்தது. 1984 முதல் 1994 வரை தன்னார்வலர்கள், மாணவர்களும் முதியோரும் உட்பட, இரண்டரை இலட்சத்திற்கும் மேற்பட்ட கன்றுகளை நட்டனர். 1993இல் எலிகள் முற்றாக ஒழிக்கப்பட்டன. அதன் பின்னர் மேலும் சில பறவைகளுக்கு இத்தீவு புகலிடமாயிற்று.

காட்டுப்பாதையில் மெல்ல நடந்தோம். பறவை நோக்குவோர்க்குக் கண்ணினும் செவியே முதற்கருவி என்பதை அங்கே உணரலாம். மணியொலி போன்ற குரல் ஒன்று எங்கிருந்தோ எழும். நின்றால் மற்றொன்று விடையிறுக்கும். முதுகில் செம்பழுப்புச் சேணம் பூட்டியது போன்ற தீயெக்கே, சருகுகளைக் கிளறிப் பூச்சி தேடிக்கொண்டிருந்தது. எம்மைக் கண்டு அஞ்சவில்லை. அஞ்சக் கற்காமையே அதன் இனத்திற்குக் கேடாயிற்று என எண்ணியபோது அவ்வழகை முழுதும் நுகர இயலவில்லை.

ஓரிடத்தில் கம்பிக்கூண்டினுள் சர்க்கரை நீர் வைக்கப்பட்டிருந்தது. அது ஹிஹி என்னும் சிறு பறவைக்கானது. ஒருகாலத்தில் ஒரே ஒரு தீவில் மட்டும் எஞ்சியிருந்த அவ்வினம், 1995இல் இங்குக் கொணரப்பட்டது. இளங்காட்டின் மலர்த்தேன் அதற்குப் போதாது. ஆகவே மனிதர் ஊட்டுகின்றனர். இதனை மீட்சி என்பதா, நீளும் மருத்துவம் என்பதா?

கலங்கரை விளக்கத்தருகே புல்வெளியில் தாக்காஹே ஒன்று நின்றது. நம் ஏரிகளில் காணும் நீலத் தாழைக்கோழியின் உறவினம். ஆயினும் அதனினும் மிகப் பருத்தது, பறக்கவியலாதது. 1898க்குப் பின் எவர் கண்ணிலும் படாமையால் அற்றுப்போயிற்று எனக் கருதப்பட்ட இப்பறவையை, 1948இல் ஜெஃப்ரி ஓர்பெல் என்னும் மருத்துவர் தென்தீவின் மலைப்பள்ளத்தாக்கில் கண்டறிந்தார். அரை நூற்றாண்டு மறைந்திருந்த அப்பேரினத்தின் வழித்தோன்றலோ, எம் காலருகே புல்லின் அடித்தண்டைச் செவ்வலகால் பறித்து, ஒற்றைக் காலால் பற்றிக்கொண்டு, அமைதியாக மென்றுகொண்டிருந்தது.