பயில்வான் தாரா சிங்

1987, 1988ஆம் ஆண்டுகள். ஞாயிற்றுக்கிழமை காலை. தூர்தர்ஷனில் ராமாயணத் தொடர் ஓடும். எல்லாரும் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் கூடுவார்கள். அனுமன் வந்ததும் சிலர் கைகூப்புவார்கள்.

அனுமனாக நடித்தவர் பெயர் தாரா சிங். அப்போது அவருக்கு 60 வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன் அவர் செய்த தொழில் என்ன தெரியுமா? குஸ்தி.

பிழைப்புத் தேடிப் போனவர்

தாரா சிங் 1928ஆம் ஆண்டு பஞ்சாபில் பிறந்தார். ஊர் தர்மூசக். விவசாயக் குடும்பம். பள்ளிப் படிப்பு அவருக்கு அதிகம் கிடைக்கவில்லை.

1947இல் அவர் சிங்கப்பூர் போனார். அங்கே டிரம் செய்யும் ஆலையில் வேலை பார்த்தார். நல்ல உயரம். உறுதியான உடம்பு. "குஸ்தி பழகு" என்று மற்றவர்கள் தூண்டினார்கள். ஹர்னாம் சிங் என்பவரிடம் குஸ்தி பழகினார். பிறகு கோலாலம்பூரில் தர்லோக் சிங் என்ற பயில்வானை வென்றார்.

உடம்புதான் முதல்

குஸ்தியில் இரண்டு வகை உண்டு. ஒலிம்பிக்கில் நடப்பது ஒன்று. அதில் புள்ளிக் கணக்கு உண்டு. டிக்கெட் விற்று நடத்துவது மற்றொன்று. இதில் வேடிக்கையும் கலந்திருக்கும். ஆனாலும் கீழே விழுந்தால் வலி உண்மைதான். தோளோ முதுகோ கெட்டுவிட்டால் வருமானம் நின்றுவிடும். தாரா சிங் செய்தது இந்தத் தொழில்தான்.

கிங்காங் என்ற பயில்வானின் எடை சுமார் 200 கிலோ. தாரா சிங்கின் எடை சுமார் 130 கிலோ. ஆனாலும் அவர் பயப்படவில்லை. கிங்காங்கோடு கோதாவில் இறங்கி மோதினார். 1954இல் இந்திய சாம்பியன் ஆனார். 1968இல் பம்பாயில் அமெரிக்க வீரர் லூ தெஸ்ஸை வென்றார். உலக சாம்பியன் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 39.

மாற்றுத் தொழில்

உடம்பின் பலம் என்றும் அப்படியே இருக்காது. தாரா சிங் அதை உணர்ந்திருந்தார். குஸ்தி நன்றாக நடந்தபோதே சினிமாவிலும் நடிக்கத் தொடங்கினார். 1962இல் 'கிங்காங்' என்ற இந்திப் படத்தில் கதாநாயகன் ஆனார்.

1983இல் டில்லியில் ஒரு பெரிய போட்டி நடந்தது. அதோடு குஸ்தியிலிருந்து விலகினார். அப்போது வயது 54. கோதாவை விட்டார். உழைப்பை விடவில்லை. அதன் பிறகுதான் தொலைக்காட்சித் தொடரில் அனுமன் வேடம் வந்தது.

1989இல் அவருடைய வாழ்க்கைக் கதை புத்தகமாக வந்தது. அது அவருடைய தாய்மொழியான பஞ்சாபியில் வந்தது. 2003 முதல் 2009 வரை மாநிலங்களவை உறுப்பினராக இருந்தார். விளையாட்டு வீரர் ஒருவர் அங்கே நியமிக்கப்பட்டது அதுவே முதல் முறை. 2012 ஜூலை 12 அன்று மும்பையில் காலமானார்.

மூட்டை தூக்குபவர், கொத்து வேலை செய்பவர், நாற்று நடுபவர் எல்லாரும் உடம்பை நம்பித்தான் பிழைக்கிறோம். உடம்பு ஒருநாள் தளரும். பலம் இருக்கும்போதே இன்னொரு வேலையும் பழகிக்கொள்வது நல்லது. படிப்பும் அப்படித்தான். அதற்கு வயது தடை இல்லை.

பேசுவோம்

1. தாரா சிங் சிங்கப்பூரில் முதலில் என்ன வேலை பார்த்தார்?
2. அவர் எந்த ஆண்டு குஸ்தியை விட்டார்?
3. உங்கள் உடம்பு தளர்ந்தால் என்ன வேலை செய்வீர்கள்? அதை இப்போதே எப்படிப் பழகலாம்?