அரிசிக்குள் போகும் கதிர்

திருப்பூணித்துறையில் ஜூன் மாதம் மழை பிடித்தால் லேசில் விடாது. வீட்டுக்குள் ஈரம் ஏறும். அரிசிப் பானையில் வண்டு வரும். பெண்கள் முறத்தில் போட்டுப் புடைப்பார்கள். ஒரு நாள் வெயில் அடித்தால் காய வைப்பார்கள். சில வாரங்களில் மறுபடியும் வண்டு! அது எங்கிருந்து வந்தது?

அரிசிக்குள் இருந்துதான். தாய் வண்டு அரிசி மணியில் சிறு துளை போடும். அதில் முட்டை இடும். துளையைப் பசையால் மூடிவிடும். புழு உள்ளேயே பிறக்கிறது. உள்ளேயே தின்கிறது. வண்டாகித்தான் வெளியே வருகிறது. முறத்துக்கு இது எப்படித் தெரியும்? ஒரு கைப்பிடி அரிசியைத் தண்ணீரில் போடுங்கள். மிதக்கும் மணிகளைப் பிளந்து பாருங்கள். பல மணிகள் கூடாக இருக்கும்.

மணிக்குள் போய் முட்டையையும் புழுவையும் ஒழிக்க ஒரு வழி உண்டு. அதுதான் காமா கதிர். இது ஒளியைப் போன்றது, ஆனால் கண்ணுக்குத் தெரியாது. சாக்கையும் துளைத்துச் செல்லும். கோபால்ட்-60 என்ற உலோகம் இந்தக் கதிரை வீசும். தடித்த கான்கிரீட் சுவர் உள்ள அறையில் அதை வைத்திருப்பார்கள். மூட்டைகள் அதைச் சுற்றி நகர்ந்து வெளியே வரும். உலோகம் அரிசியைத் தொடுவதே இல்லை.

கதிர் பட்ட அரிசி விஷமாகுமா? ஆகாது. எக்ஸ்ரே எடுத்த கையில் கதிர் தங்குகிறதா? அரிசியிலும் தங்குவதில்லை.

ஆனால் அரிசிக்குள் ஒரு மாற்றம் நடக்கிறது. அரிசியில் பெரும்பகுதி மாவுச்சத்து. சர்க்கரை மணிகளை நீளமாகக் கோத்த மாலை என்று அதை நினைத்துக்கொள்ளுங்கள். கதிர் பட்டால் சில மாலைகள் அங்கங்கே அறுபடும். நீள மாலை குட்டை மாலையாகும். அதனால் கஞ்சியின் கொழகொழப்புக் குறையும். சோறு கொஞ்சம் மெதுவாக இருக்கும். கதிர் மிக அதிகமானால் அரிசி மஞ்சளாகும்.

கதிரின் அளவைக் 'கிரே' என்று சொல்வார்கள். வண்டை ஒழிக்க 250 முதல் 1000 கிரே வரை போதும். இதில் அரிசியின் சூடு 1 டிகிரி கூட ஏறாது. மாலைகளும் குறைவாகவே அறுபடும். நெல்லை அவித்துப் புழுங்கல் அரிசி ஆக்கும்போது மாவுச்சத்து இதைவிட அதிகம் மாறுகிறது. அதை யாரும் பயந்து சாப்பிடுவதில்லை!

உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா. அமைப்புகளும் கூட்டிய நிபுணர் குழு 1980-இல் ஒரு முடிவு சொன்னது. 10,000 கிரே வரை கதிர் பட்ட உணவால் தீங்கு இல்லை என்றது. இந்தியாவில் 1994-இல் வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாப் பொருள்களுக்கு அனுமதி கிடைத்தது. அரிசிக்கு 1998-இல் கிடைத்தது. மும்பை அருகே வாஷியில் 2000-ஆம் ஆண்டு மசாலாவுக்கான ஆலை வந்தது. நாசிக் பக்கம் லாசல்காவில் 2002-இல் வெங்காயத்துக்கு ஆலை வந்தது. அரிசிக்கு இந்த முறை இன்னும் பரவவில்லை. கிடங்குகளில் மருந்துப் புகைதான் போடுகிறார்கள்.

அந்தப் புகை மாத்திரையைச் சிலர் வீட்டு அரிசியிலும் போடுகிறார்கள். போடவே கூடாது. அதிலிருந்து வரும் வாயு, மூடிய வீட்டில் ஆளையே கொன்றுவிடும். அது பயிற்சி பெற்றவர்கள் கையாள வேண்டிய பொருள்.

கதிர் பட்ட அரிசியிலும் வெளியிலிருந்து புது வண்டு ஏறலாம். கதிருக்குக் காவல் நிற்கத் தெரியாது. பையை இறுக மூடி வைக்க வேண்டும். விதை நெல்லுக்கு இந்த முறை ஆகாது, முளைப்பு கெடும். கதிர் பட்ட உணவின் பையில் பச்சை நிற வட்டத்துக்குள் செடி போன்ற ஒரு குறி இருக்க வேண்டும். கடையில் பை வாங்கும்போது தேடிப் பாருங்கள். பக்கத்தில் உள்ள எழுத்தையும் படியுங்கள்.