எலும்பிலே குறைவு, இரத்தக்குழாயிலே படிவு



சிறுநீரகம் பழுதான கணவர், "முழங்கால் குடையுது, இடுப்பு வலிக்குது" என்கிறார். கர்ப்பிணி மனைவியிடம் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுத்த கால்சியம் மாத்திரை இருக்கிறது. "சுண்ணாம்புச் சத்துதானே, நீங்களும் போட்டுக்குங்க" என்று எடுத்துக் கொடுக்கிறார். பாசத்தோடுதான் கொடுக்கிறார். ஆனால் அது கேடாக முடியலாம்.

ஏன்?

உரக்கடையில் மணிச்சத்து என்கிறோமே, அந்தப் பாஸ்பரஸ் நம் உணவிலும் உண்டு. மிஞ்சியதை நல்ல சிறுநீரகம் வெளியேற்றிவிடும். பழுதான சிறுநீரகத்தால் முடியாது. அது இரத்தத்தில் தேங்கும். உடனே கழுத்திலுள்ள பாராதைராய்டு என்னும் 4 சிறு சுரப்பிகள் அதிகம் சுரந்து, எலும்பின் சுண்ணாம்பை இரத்தத்துக்கு இழுக்கும். எலும்பு நோகும், பலமிழக்கும்.

உப்புத் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதல்லவா? அதுபோல, சுண்ணாம்பும் பாஸ்பரஸும் சேர்ந்து இரத்தக்குழாயிலும் இதய வால்விலும் படியும். சிலருக்குக் கண்ணிலும் தோலிலும் மூட்டுகளைச் சுற்றியும் படியும். குழாய் விறைத்தால் இதயத்துக்குப் பாரம். படிந்ததைக் கரைப்பது மிகக் கடினம், தடுப்பதே வழி.

செய்ய வேண்டியவை:

1. கால்சியம், வைட்டமின் டி மாத்திரைகளை டாக்டர் சொல்லாமல் சாப்பிடக் கூடாது.

2. பாஸ்பரஸைக் குடலிலேயே பிடித்து வைக்க டாக்டர் தரும் மாத்திரையைச் சாப்பாட்டோடு சேர்த்துப் போட வேண்டும். வெறும் வயிற்றில் போட்டால் அந்தப் பலன் கிட்டாது. இவற்றில் சில கால்சியம் மாத்திரைகளே; ஆகவே அளவை நாமாகக் கூட்டக் கூடாது.

3. கோலா பானம், பாக்கெட் தீனி, கருவாடு வேண்டாம். பால், பருப்பு, முட்டை எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். பயந்து பட்டினி கிடக்காதீர்கள்.

4. டயாலிசிஸ் நாளைத் தவறவிடாதீர்கள். "இந்த ஒரு தடவை போகட்டும்" என்று விட்டால் பாஸ்பரஸ் ஏறும்.

5. டாக்டர் சொன்ன தவணையில் இரத்தத்தில் கால்சியம், பாஸ்பரஸ் பார்க்க வேண்டும். பாஸ்பரஸின் இயல்பான அளவு 100 மில்லி லிட்டருக்கு 2.5 முதல் 4.5 மில்லி கிராம்.

தோலில் கடும் வலியுடன் கருத்த தடிப்போ ஆறாத புண்ணோ கண்டால் அன்றே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

அம்மா, அந்த மாத்திரை உங்களுக்கும் வயிற்றுப் பிள்ளைக்கும் உரியது. 14-ஆவது வாரத்திலிருந்து நீங்கள் தவறாமல் சாப்பிடுங்கள். ஐயா, உங்கள் வலியை டாக்டரிடம் சொல்லுங்கள். இருவரும் சேர்ந்தே போய்க் கேளுங்கள். அன்பைப் பகிரலாம், மாத்திரையைப் பகிரலாகாது.