பம்பர் கீறலை நாமே சரிசெய்யலாம்

தலைநகரில் கீறல் இல்லாத பம்பரைக் காண்பது அரிது. டிடிஏ குடியிருப்புகளின் குறுகலான சந்துகளில், இரவு எட்டு மணிக்கு மேல் வண்டியை நுழைத்து நிறுத்துவதே ஒரு வித்தை. தூண், ஸ்கூட்டர், குழந்தைகளின் சைக்கிள் என்று ஏதாவது ஒன்று உரசிவிடுகிறது. நம் ஊரில் 'டிங்கரிங்' என்று சொல்லும் வேலைக்கு இங்கே 'டென்டிங்-பெயின்டிங்' என்று பலகை தொங்கும். சிறு கீறலுக்கும் அங்கே முழு பம்பருக்கும் பெயின்ட் அடிப்பதே வழக்கம். பல ஆண்டுகளாக என் வண்டியின் பம்பரை நானே கவனித்து வருகிறேன். அந்த அனுபவத்தில் கற்றதை வாசக அன்பர்களுடன் பகிர்ந்துகொள்கிறேன்.

அவசரம் வேண்டாம்

கதவிலோ பானெட்டிலோ பெயின்ட் பெயர்ந்தால் அடியில் இருக்கும் தகடு துருப்பிடிக்கும். அதைத் தள்ளிப் போடக் கூடாது. இன்றைய கார்களின் பம்பரோ பெரும்பாலும் பாலிப்ரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். அது துருப்பிடிக்காது. ஆகவே நல்ல பருவநிலைக்குக் காத்திருக்கலாம். ஸ்பிரே பெயின்டுக்கு 15 முதல் 30 டிகிரி வெப்பம் ஏற்றது. டில்லியின் ஜனவரிப் பனிமூட்டத்தில் பெயின்ட் காயாது. மே, ஜூனில் 40 டிகிரிக்கு மேல் போகும்போது துளிகள் பரப்பில் சேர்வதற்குள் உலர்ந்து சொரசொரப்பாகும்; புழுதியும் ஒட்டும். மழைக்காலத்தில் ஈரம் படிந்து மேற்பூச்சு வெளுத்துவிடும். பிப்ரவரிக் கடைசியும் மார்ச் மாதமும் மிக நல்ல காலம்.

காப்பீட்டுக் கணக்கு

"இன்ஷூரன்ஸ் இருக்கிறதே" என்பார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். இழப்பீடு கோராமல் ஓட்டியவருக்குச் சொந்தச் சேதப் பிரீமியத்தில் முதலாண்டில் 20 விழுக்காடு தொடங்கி ஐந்தாம் ஆண்டில் 50 விழுக்காடு வரை தள்ளுபடி உண்டு. தனிப் பாதுகாப்பு எதுவும் வாங்காதவர் ஒருமுறை இழப்பீடு கோரினாலே அது சுழியமாகிவிடும். 1500 சிசி வரையுள்ள கார்களில் முதல் 1000 ரூபாயை எப்படியும் நாமே ஏற்க வேண்டும். எடுத்துக்காட்டாக, பெயின்ட் செலவு 3000 ரூபாய் என்றால் கைக்கு வருவது அதிகம் போனால் 2000. பிரீமியம் 8000 ரூபாயாக இருந்து 50 விழுக்காடு தள்ளுபடி பெறுபவர் அடுத்த ஆண்டு இழப்பது 4000.

ஆனால் யாருக்கேனும் காயம் பட்ட விபத்து என்றால் காவல்துறையும் காப்பீட்டு நிறுவனமும் பார்த்து முடிக்கும்வரை பம்பரைத் தொடாதீர்கள்.

கீறல் எவ்வளவு ஆழம்?

பிளாஸ்டிக்கின் மேல் பிரைமர், அதன்மேல் வண்ணம், எல்லாவற்றுக்கும் மேல் 'கிளியர் கோட்' எனும் நிறமற்ற பூச்சு என்று மூன்று அடுக்குகள் உண்டு. கிளியர் கோட்டின் கனம் ஏறத்தாழ 40 அல்லது 50 மைக்ரான்தான். தலைமுடியை விடவும் மெல்லியது.

இடத்தைக் கழுவி, கீறலின் மேல் சிறிது தண்ணீர் தடவுங்கள். கீறல் மறைந்தால் அது கிளியர் கோட்டோடு நின்றுவிட்டது. மறையாமல், குறுக்கே இழுக்கும் நகமும் சிக்கினால் வண்ணம் வரை இறங்கியிருக்கிறது. கறுப்போ சாம்பலோ பளிச்சென்று தெரிந்தால் பிளாஸ்டிக்கோ பிரைமரோ வெளிப்பட்டிருக்கிறது என்று பொருள். சில சமயம் கீறல் போலத் தெரிவது உரசிய வண்டியின் பெயின்ட்தான். அது காம்பவுண்டு போட்டுத் தேய்த்தாலே போய்விடும்.

மேலோட்டமான கீறல்

ரப்பிங் காம்பவுண்டைச் சிறிதளவு மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து, நிழலில், குளிர்ந்த பரப்பில் தேய்க்கவும். போகவில்லை என்றால் 2000 எண் வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து மிக இலேசாகத் தேய்த்து, பிறகு காம்பவுண்டும் பாலிஷும் போடவும். விளிம்புகளில் பூச்சு மெல்லியது. அங்கே கை பதமாக இருக்கட்டும். பற்பசையும் ஒருவகைத் தேய்பொருள்தான், ஆனால் வலு போதாது.

ஆழமான கீறல்

சாமான்களைக் கரோல் பாக் கார்க் கடைகளில் வாங்கலாம். உப்புத்தாளுக்கு இங்கே 'ரேக்மால்' என்று பெயர். பெயின்ட் வாங்குமுன் வண்டியின் வண்ணக் குறியீட்டைக் கதவுத் தூணிலோ பானெட்டுக்கு அடியிலோ உள்ள தகட்டில் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். 'வெள்ளை' என்று கேட்டால் கிடைப்பது வேறு ஒரு வெள்ளையாக இருக்கும்.

1. சோப்புத் தண்ணீரில் கழுவி உலர்த்தி, ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடையுங்கள்.

2. கீறலைச் சுற்றி மாஸ்கிங் டேப்பும் செய்தித்தாளும் ஒட்டுங்கள். வண்டியின் மற்ற பாகத்தையும் மூடுங்கள். பெயின்ட் துகள் நினைப்பதைவிட வெகுதூரம் பறக்கும்.

3. 320 எண் தாளால் பிசிறுகளை நீக்கி, 600 எண் வாட்டர் பேப்பரால் ஓரங்களைச் சரிவாக்குங்கள். விரலால் தடவினால் படி தட்டக் கூடாது.

4. பிளாஸ்டிக் தெரியும் இடத்தில் பிளாஸ்டிக் பிரைமரை மெல்லியதாக அடியுங்கள். பாலிப்ரொப்பிலீனில் எதுவும் எளிதில் ஒட்டாது. இந்தப் படியை விட்டால் எல்லாமே சில மாதங்களில் தோலாக உரிந்துவிடும்.

5. பள்ளம் இருந்தால் பட்டி பார்க்க வேண்டும். பம்பர் வளையக் கூடியதாகையால் பிளாஸ்டிக்குக்கென்று உள்ள பட்டியே தேவை. தகட்டுப் பட்டி வெடித்துவிடும். காய்ந்தபின் 320, 600 என்று தேய்த்துச் சமன் செய்யுங்கள். பிளாஸ்டிக் மீண்டும் தெரிந்தால் பிளாஸ்டிக் பிரைமரை மறுபடி அடியுங்கள்.

6. அதன்மேல் சாதாரண பிரைமர் இரண்டு கோட். காய்ந்ததும் 800 எண் தாளால் தேய்த்துத் துடையுங்கள்.

7. வண்ணக் குப்பியை இரண்டு நிமிடம் குலுக்குங்கள். ஓர் அட்டையில் அடித்து, உலர்ந்தபின் பம்பருடன் ஒப்பிடுங்கள். 20 முதல் 25 செ.மீ. தூரத்திலிருந்து, கை நிற்காமல், மெல்லிய கோட்டாக மூன்று நான்கு முறை, பத்து நிமிட இடைவெளியில் அடியுங்கள். ஒரே கோட்டில் மூட முயன்றால் வழிந்துவிடும்.

8. கடைசியில் கிளியர் கோட் இரண்டு மூன்று முறை. இரண்டு நாள் கழித்து 2000 எண் தாளும் காம்பவுண்டும் கொண்டு மெருகேற்றுங்கள். ஒரு வாரம் கழுவாதீர்கள். ஒரு மாதம் மெழுகு போடாதீர்கள்.

சில்வர் போன்ற மெட்டாலிக் வண்ணங்களில் சேர்ந்த இடம் சற்றுத் தெரியவே செய்யும். பெரிய பரப்பாக இருந்தால் கடைக்காரரிடம் விடுவதே மேல்.

எச்சரிக்கைகள்

திறந்த இடத்தில், காற்றோட்டமாகச் செய்யுங்கள். துணி முகமூடி தின்னர் ஆவியைத் தடுக்காது. கரி வடிகட்டி உள்ள முகமூடி வேண்டும். அருகில் பீடி, ஊதுபத்தி, அடுப்பு எதுவும் கூடாது. ஹார்டனர் கலக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் உள்ளது. அது ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது, வீட்டில் வேண்டாம். கோடையில் ஸ்பிரே குப்பிகளைக் கார் டிக்கியில் வைக்காதீர்கள், வெடிக்கும்.

பம்பர் பிளந்திருந்தாலோ, கொக்கிகள் உடைந்திருந்தாலோ, பின்னால் ராடார் இருந்தாலோ சர்வீஸ் நிலையத்துக்கே போங்கள். பார்க்கிங் சென்சாரின் மேல் பெயின்ட் படாமல் மூடிவிடுங்கள்.

கீறலுக்குப் பயந்து பம்பருக்கு முன்னால் இரும்புக் கம்பிக் காப்பு மாட்டுபவர்கள் உண்டு. டிசம்பர் 2017இல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இவற்றின்மேல் நடவடிக்கை எடுக்குமாறு மாநிலங்களைக் கேட்டுக்கொண்டது. காரணம் நியாயமானது. பம்பர் நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளவே படைக்கப்பட்டது. காப்பு அந்த அடியை நேரே சட்டத்துக்கும் உள்ளே இருப்பவருக்கும் கடத்துகிறது. குறுக்கே வரும் பாதசாரிக்கோ அது இன்னும் கொடியது. பம்பரில் கீறல் விழுந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை உழைப்பில் அதைச் சரிசெய்துவிடலாம். உயிருக்கு அப்படி ஒரு வழி கிடையாது.