உடைந்த பைபர் வள்ளத்தைத் திருத்துவோம்

வயல் கைவிட்ட போகத்தில் வாவிதான் நமக்குச் சோறு போடுகிறது. 2004 டிசம்பர் 26 கடல்கோளின் பின் கிழக்குக் கரையெங்கும் பைபர் வள்ளங்கள் பெருமளவில் வழங்கப்பட்டன. 2006இல் மாங்கேணி உட்பட வாகரைப் பகுதி மக்கள் இடம்பெயர்ந்து, 2007இல் மீளக் குடியேறத் தொடங்கினர். இடம்பெயரும் குடும்பம் வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. திரும்பி வரும்போது அது வெடித்துக் கிடந்தால் என்ன செய்வது? இப்பாடத்தில் பார்ப்போம்.

பைபர் என்றால் என்ன?

கண்ணாடி நாரும் ரெசின் என்னும் பசையும் சேர்ந்ததே பைபர். பலம் நாரில் உள்ளது. பசை அதைப் பிடித்து வைக்கிறது. எனவே வெடிப்பின்மேல் ரெசினை மட்டும் பூசி வர்ணம் அடிப்பது திருத்தமாகாது. அறுந்த நாருக்குப் பதில் புது நார் வைக்க வேண்டும்.

செய்முறை

1. வெடிப்பைச் சுற்றி நாணயத்தால் தட்டுங்கள். மந்தமான ஓசை வரும் இடமெல்லாம் உள்ளே பிரிந்துள்ளது. அதனை வெட்டி நீக்குங்கள்.

2. நல்ல நீரால் உப்பைக் கழுவி, நன்றாகக் காய விடுங்கள். ஈரத்தில் ரெசின் பிடிக்காது.

3. ஓரங்களைச் சரிவாகத் தேயுங்கள். சரிவு, தடிப்பைப்போல் 12 மடங்கு அகலம் வேண்டும். 5 மில்லிமீற்றர் தடிப்பானால் 60 மில்லிமீற்றர்.

4. 1 கிலோ ரெசினுக்கு 10 முதல் 20 மில்லிலீற்றர் ஹாட்னர் போதும். வெயில் கூடினால் குறைவாக விடுங்கள். நிழலில், சிறிது சிறிதாகக் கலக்குங்கள்.

5. ஒன்றைவிட ஒன்று பெரிதாக நார்ப்பாய்த் துண்டுகளை ரெசினில் நனைத்து, காற்றுக் குமிழி இல்லாமல் அழுத்துங்கள். 450 கிராம் நார்ப்பாய் ஒன்று ஏறக்குறைய 1 மில்லிமீற்றர் தடிப்புத் தரும்.

கவனம்!

ஹாட்னரையும் கோபால்ற்றையும் ஒருபோதும் நேரடியாகக் கலக்காதீர்கள், வெடிக்கும். ஹாட்னர் கண்ணில் பட்டால் பார்வை போகலாம். உடனே 15 நிமிடம் நீரால் கழுவி, வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். தேய்க்கும்போது மூக்கையும் வாயையும் மூடுங்கள். அருகே நெருப்பு வேண்டாம்.

எப்போது மாற்றுவது?

ஏரா முறிந்திருந்தால் அனுபவமுள்ள திருத்துநரிடம் காட்டாமல் வாவியில் இறக்க வேண்டாம். வயலுக்கு மருந்து தெளிக்கும் ட்ரோனின் கைகள் பெரும்பாலும் காபன் நாரும் பசையும் சேர்ந்தவை. அக்கை வெடித்தால் ஒட்டுப்போடாமல் புதியதே மாட்ட வேண்டும். பறக்கையில் முறிந்தால் கீழே நிற்பவருக்கு ஆபத்து.

பழைய ஆடையில் போட்ட புதுத்துணி ஒட்டைப் பற்றி இயேசு சொன்ன உவமையை நாம் அறிவோம். அடி பலமில்லாத இடத்தில் ஒட்டு நில்லாது.

குழுவாகச் சிந்திக்க: நம் ஊரில் திருத்தக்கூடிய வள்ளங்கள் எத்தனை? நார்ப்பாயையும் ரெசினையும் நாம் சேர்ந்து வாங்கினால் என்ன?